சுவரில் முப்பத்தாறு

ஓட்டர் ஃபெரி மைதானத்தின் இடப்பக்கச் சுவரில் என் பெயர் இன்னும் இருக்கிறது. ஆர்லோ ஹெக்மன், 36 ஆட்டம், 1963. பச்சைச் சுவரில் வெள்ளை எழுத்து, ஒவ்வொரு எழுத்தும் என் முழங்கால் உயரம். ஒரு பக்கம் டிராக்டர் விளம்பரம், மறுபக்கம் சவப்பெட்டிக் கடை விளம்பரம், நடுவில் நான். தொடர்ந்து முப்பத்தாறு பேஸ்பால் ஆட்டங்கள், ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு ஹிட், அதாவது பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் முதல் தளத்தையாவது எட்டுவது. எங்கள் லீக்கில் எனக்கு முன்னால் யாரும் அதைச் செய்ததில்லை, பின்னாலும் யாரும் செய்ததில்லை. இந்தப் 'பின்னாலும்' என்ற சொல்லைக் காப்பாற்ற நான் என்னவெல்லாம் செய்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் பெரிய லீக்கைக் கண்ணால் பார்த்தவன் இல்லை. அதற்கு நான்கு படி கீழே, மிசிசிப்பிக் கரையில் இருக்கும் இந்த அயோவா ஊரில் ஆட வந்து, இங்கேயே முழங்காலை உடைத்துக்கொண்டு, இங்கேயே கோச்சாக ஒட்டிக்கொண்டவன். மேலே போனவர்களுக்கு வீடு, கார், பத்திரிகையில் படம் என்று என்னென்னவோ கிடைத்திருக்கும். எனக்கு இருந்தது அந்த ஓர் எண்தான். ரொட்டிக் கடை வரிசையில் நின்றால் பின்னால் இருப்பவர் தன் மகளிடம், "இவருதான் சுவத்துல இருக்கிறவரு" என்பார். பதினான்கு வருடம் அது எனக்குப் போதுமாக இருந்தது.

1977-இல் எங்கள் ஊரில் எத்தனையோ நடந்தது. மே மாதம் எங்கள் இடதுகைப் பிட்சர் ஒரு முழு ஆட்டம் வீசி எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. ஜூனில் ஒரே பந்தில் மூன்று பேரை அவுட் ஆக்கினோம். எங்கள் கேட்ச்சரை மேல் அணிக்கு இரண்டு முறை கூப்பிட்டு இரண்டு முறையும் திருப்பி அனுப்பினார்கள்; பாவம், அவன் பெட்டியைப் பிரிப்பதையே விட்டுவிட்டான். இதெல்லாம் இன்றைக்கு ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. லானி பிரூஷாவைத்தான் ஞாபகம் இருக்கிறது.

அவன் மே பதினேழாம் தேதி வந்தான். நெப்ராஸ்கா அணி ஒன்றுக்கு ஒரு வலதுகைப் பிட்சரையும் இரண்டு டஜன் புது பேட்டையும் கொடுத்து அவனை வாங்கியிருந்தார்கள். எனக்கு பேட் போனதுதான் வருத்தமாக இருந்தது. இருபத்திரண்டு வயது, கொக்குக் கால், காதுவரை சிரிப்பு. பெட்டியைக் கீழே வைக்காமலே நேராகப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றான்.

"யாரு கோச் இந்த ஹெக்மன்? இருக்காரா, போயிட்டாரா?"

"உன் பக்கத்துலதான் நிக்கிறேன்."

"அய்யோ, மன்னிச்சிடுங்க!" என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான். "முப்பத்தாறா! ராத்திரி தூக்கம் வந்துச்சா உங்களுக்கு?"

வரவில்லை. இருபதாவது ஆட்டத்திலிருந்தே வரவில்லை. பதினான்கு வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவன்தான். அந்த ஒரு நிமிடம் அவனை எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைப்பானேன்.

ஜூன் பதினான்காம் தேதி அவன் தொடர் ஆரம்பித்தது. ஐந்து ஆட்டம், பத்து ஆட்டம் வரைக்கும் யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். பதினைந்தில் உள்ளூர் வானொலிக்காரன் அதைச் சொல்ல ஆரம்பித்தான். பதினெட்டில் ஆற்றங்கரை ஓட்டலில் ருபார்ப் பை என்கிற இனிப்பு அவனுக்கு மட்டும் இலவசமானது. நான் முப்பத்தாறு அடித்த வருடம் அதே ஓட்டலில் எனக்குக் காப்பியை இரண்டாம் முறை நிரப்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

என் வேலை என்ன தெரியுமா? முதல் தளத்துக்குப் பக்கத்தில் நின்று ஓடி வருகிறவனுக்குக் கை காட்டுவது. ஹிட் அடித்தவன் வந்து நிற்பது என் காலடியில். அவன் முதுகில் தட்டி "சபாஷ்" சொல்லவேண்டியதும் நான்தான். ஒவ்வொரு நாளும் லானி அடித்துவிட்டுப் புழுதி பறக்க ஓடி வந்து நிற்பான். ஒவ்வொரு நாளும் நான் வயிறு எரிய எரிய அவன் முதுகில் தட்டுவேன். அதற்குச் சம்பளம் வேறு.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! டிக்கெட் கிழிக்கிற அம்மாவை அவன் பெயர் சொல்லி விசாரிப்பான். புல் வெட்டுகிறவனோடு உட்கார்ந்து சாப்பிடுவான். பேருந்தில் விசிலடித்துக்கொண்டே வருவான், அதுவும் சுருதி தப்பாமல். அவனைத் திட்ட ஒரு காரணம் தேடித் தேடி எனக்கு அலுத்துப்போனது.

என் மனைவி மார்லிஸ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அந்தப் பையனை ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூப்பிடேன். பாவம், வாடகை ரூம்ல கிடக்கிறான்."

"ஏன், ஊரே ஊட்டுதே, பத்தலையா?"

"உனக்கு என்ன ஆர்லோ? அவன் அடிச்சா உன் அணிதானே ஜெயிக்குது?"

"அதேதான் நானும் சொல்றேன்."

"நீ ஒண்ணும் சொல்லலை. பல்லைத்தான் கடிக்கிற. இங்க வரைக்கும் கேக்குது."

ஜூலை ஐந்தாம் தேதி அவன் தொடர் இருபத்தொன்று. அன்றைக்குக் கடைசியில் அவன் அடித்த பந்து அவன் கணுக்காலிலேயே பட்டு வீங்கிவிட்டது. அதனால் மறுநாள், ஜூலை ஆறு, அவனை உட்கார வைத்தார்கள். ஆடாத நாளால் தொடர் உடையாது. அந்த ஆட்டம் வாபெக் ஊர் அணியோடு. எட்டாவது இன்னிங்ஸ் முடிந்து நான்குக்கு நான்கு என்று சமமாக இருந்தபோது ஆற்றிலிருந்து ஈசல் கிளம்பியது.

ஆற்றங்கரை ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. வருடத்தில் ஓரிரு நாள், ஜூலை வெக்கையில், ஆற்று ஈசல் மொத்தமாக எழும்பி வெளிச்சத்துக்கு வரும். அன்றைக்கு வந்தது மேகம். விளக்குக் கம்பங்கள் மறைந்தன. பிட்சரின் வாய்க்குள் போனது. தரையில் கணுக்கால் அளவு குவிந்து, ஓடினால் வழுக்கியது. அம்பயர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு ஆட்டத்தை அப்படியே நிறுத்தினார். வாபெக்காரர்கள் அடுத்த முறை எங்கள் ஊருக்கு வரும்போது ஒன்பதாவது இன்னிங்ஸிலிருந்து தொடர்வது என்று முடிவானது. அடுத்த முறை என்றால் ஜூலை இருபத்துநான்கு, ஞாயிறு மதியம். முதலில் மிச்ச ஆட்டம், பிறகு அன்றைய ஆட்டம்.

நடுவில் லானி கணுக்காலில் துணி சுற்றிக்கொண்டு திரும்பி வந்து அடித்துக்கொண்டே இருந்தான். இருபத்தெட்டு, முப்பத்திரண்டு, முப்பத்தைந்து. சனிக்கிழமை, ஜூலை இருபத்துமூன்று, முப்பத்தாறு. அடித்துவிட்டு என் காலடியில் வந்து நின்று, தொப்பியைக் கழற்றி என்னை நோக்கிக் குனிந்தான். ஊரே கைதட்டியது. நான் அவன் முதுகில் தட்டினேன். கொஞ்சம் ஓங்கியே தட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் முப்பத்தேழு அடித்தவுடன் சுவரை மாற்றி எழுதுவது என்று கிளப்காரர்கள் முடிவு செய்தார்கள். அதற்கு யாரைப் பிடித்தார்கள் தெரியுமா? மார்லிஸின் அண்ணன் ஃப்ளாய்டை. ஊரில் பெயர்ப்பலகை எழுதுகிறவன் அவன் ஒருவன்தான்.

"தப்பா எடுத்துக்காதே மாப்பிள்ளை," என்றான் ஃப்ளாய்ட், எங்கள் வீட்டுச் சமையலறையிலேயே உட்கார்ந்துகொண்டு. "உன் பேரைச் சுரண்ட மாட்டேன். அப்படியே மேல பூசிடுவேன். உள்ள நீ இருப்ப."

எனக்கு வந்த கோபத்தில் அவன் காப்பியை எடுத்துக் கழுவும் தொட்டியில் ஊற்றினேன்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். அந்த மாதம் முழுக்க லீக்கின் சட்டப் புத்தகத்தை வேதம் படிக்கிற மாதிரி படித்துக்கொண்டிருந்தேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. எங்காவது ஓர் ஓட்டை கிடைக்காதா என்றுதான். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போகும் முன், காலையில், கிடைத்தது. கிடைத்ததை உறுதி செய்துகொள்ள எல்வுட் டகெட் வீட்டுக்குப் போனேன். எல்வுட் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். கோடையில் எங்கள் ஆட்டங்களுக்கு அதிகாரபூர்வ ஸ்கோரர். எது ஹிட், எது பிழை என்று தீர்ப்புச் சொல்கிற ஆள். தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு சந்தேகம் எல்வுட். அந்த ஈசல் ஆட்டம் இருக்கே, அதுல நாளைக்கு ஒருத்தன் இறங்கி அடிச்சா, அது எந்தத் தேதிக் கணக்குல சேரும்?"

"ஜூலை ஆறு. ஆட்டம் என்னிக்கு ஆரம்பிச்சதோ அந்தத் தேதிக்குத்தான் எல்லாம் போகும்."

"அன்னிக்கு உக்காந்திருந்தவன் நாளைக்கு இறங்கினாலும்?"

அவர் குழாயைக் கீழே போட்டார்.

"லானியைச் சொல்றீங்களா?"

"சும்மா கேக்கறேன்."

"சும்மா கேக்கவா மூணு மைல் வந்தீங்க?" மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அவன் இறங்கி ஹிட் இல்லாம அவுட் ஆனா, ஜூலை ஆறாம் தேதியே தொடர் உடைஞ்சதா அர்த்தம். அதுக்கு முன்னால இருபத்தொண்ணு தனி. பின்னால அடிச்சது தனி. ரெண்டும் ஒட்டாது."

"பிட்சர் நாலு பந்தை வெளிய போட்டு, அவன் சும்மா நடந்தே முதல் தளத்துக்குப் போனா?"

"நடை வாங்கினா உடையாது."

"தியாக அடி? உசரத் தூக்கி அடிச்சு அவன் அவுட், ஆனா மூணாம் தளத்துக்காரன் ஓடி வந்து ரன் எடுத்துட்டா?"

"ரன் ரன்தான். ஆனா ஹிட் இல்லியே. தொடர் போச்சு." அவர் மறுபடி குழாயை எடுத்தார். "வேற ஏதாவது சும்மா கேக்கணுமா?"

முழு ஆட்டத்தில் அடிக்க அவனுக்கு நான்கைந்து வாய்ப்பு வரும்; இந்த மிச்ச ஆட்டத்தில் ஒன்றுதான் வரும். வீட்டுக்குத் திரும்பும் வழியில் நான் விசிலடித்தேன். அவன் விசிலடிக்கிற அதே பாட்டு.

ஞாயிறு மதியம் மைதானம் நிரம்பி வழிந்தது. சுவருக்கு அடியில் ஃப்ளாய்ட் ஏணியைச் சாய்த்துவிட்டு, பச்சைப் பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்திருந்தான். எங்கள் மேனேஜர் பட்ஜ் கோவாலிக் ஜூலை ஆறாம் தேதி அணிப் பட்டியலை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். அன்றைக்கு வலப்பக்கம் ஆடிய ஃபிஸ்க் என்பவனைப் பதினொன்றாம் தேதியே விஸ்கான்சினுக்கு விற்றுவிட்டோம். இல்லாதவன் பெயர் பட்டியலில் இருந்தது. அந்த இடத்துக்கு ஒருவனைப் போட்டே ஆகவேண்டும்.

"டேய் ஆர்லோ, ஃபிஸ்க் இடத்துல யாரைப் போட? டார்லைப் போடலாமா?"

டார்ல் பெஞ்சில் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். அவனுக்கும் ஆசை. வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். டார்ல் இறங்கியிருப்பான், இரண்டு மணி நேரம் கழித்து லானி முப்பத்தேழு அடித்திருப்பான், ஃப்ளாய்ட் ஏணியில் ஏறியிருப்பான்.

"லானியைப் போடுங்க பாஸ்," என்றேன். "சமமா நிக்கிற ஆட்டம். நம்ம கையில இருக்கிறதுல நல்ல பேட் அவன்தானே?"

பட்ஜ் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என் வாயிலிருந்து லானியைப் பற்றி அவர் ஒரு நல்ல வார்த்தை கேட்டது அதுதான் முதல் தடவை என்பது அந்தப் பார்வையில் இருந்தது. லானியும் என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கையுறையை எடுத்துக்கொண்டு, "சரி கோச்" என்று சொல்லி ஓடினான்.

வாபெக்காரர்கள் ஒன்பதாவதில் ஒன்றும் எடுக்கவில்லை. எங்கள் முறை வந்தது. வரிசையில் லானி நான்காவது ஆள். மூன்று பேரும் வரிசையாக அவுட் ஆனால் ஆட்டம் பத்தாவதுக்குப் போகும். போனால் என்ன, எப்படியும் அடுத்து வருகிறவன் அவன்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். முதல் ஆள் அவுட். அடுத்தவன் ஹூபர், ஹிட். அவன் முதுகில் நான் தட்டிய தட்டில் அவனுக்கே ஆச்சரியம். அடுத்தவனும் ஹிட், ஹூபர் மூன்றாம் தளத்துக்குப் பாய்ந்தான். நான் குதித்தேன். கேலரியில் யாரோ, "பாரேன், ஹெக்மனுக்கு இந்த வயசுல என்ன உற்சாகம்!" என்றார்கள்.

மூன்றாம் தளத்தில் ஹூபர், முதல் தளத்தில் இன்னொருவன், ஒரு அவுட். ஹூபர் 'வீடு' என்கிற கடைசித் தளத்துக்கு வந்து சேர்ந்தால் ஆட்டம் எங்களுடையது. லானி பேட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். மொத்தக் கூட்டமும் எழுந்தது. கூட்டத்தில் ஒருவருக்கும் இந்த ஆட்டத்தின் கணக்கு எங்கே போகும் என்று தெரியாது.

எனக்கு ஞாபகம் வந்தது, வேண்டாமென்றாலும் வந்தது. 1963, என் முப்பத்தொன்றாவது ஆட்டம். அன்றைக்கு எனக்கு அதுவரை ஹிட் இல்லை. ஒன்பதாவது இன்னிங்ஸ், சமம், இரண்டாம் தளத்தில் எங்கள் ஆள். பந்தை மெதுவாகத் தட்டு, நீ அவுட் ஆனாலும் சரி, அவனை மூன்றாம் தளத்துக்கு அனுப்பு என்று மேனேஜர் சைகை காட்டினார். அப்போதும் பட்ஜ்தான் மேனேஜர். அவர் காதைத் தொட்டு, பெல்ட்டைத் தடவியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் ஓங்கி அடித்தேன். பந்து பாய்ந்துபோய் இடப்பக்கக்காரன் முன்னால் தரையில் விழுந்து, நேராக அவன் கைக்கு எழும்பியது. எனக்கு ஹிட். ஓடியவன் வீட்டு வாசலில் அவுட். அந்த ஆட்டம் தோற்றது. வருடக் கடைசியில் கோப்பை ஒரே ஒரு ஆட்டத்தில் போயிற்று. சூரியன் கண்ணில் அடித்தது, சைகை தெரியவில்லை என்று பட்ஜிடம் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

வாபெக் பிட்சருக்கு லானியைக் கண்டு பயம். அவனுக்கு அடிக்கிற மாதிரி ஒரு பந்தும் போடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டான். காரணம் இருந்தது. லானிக்கு அடுத்து வருகிறவன் ஷார்ட்ஸ்டாப், இரண்டாம் தளத்தருகே நிற்கிற எங்கள் ஆள். பதினாறு நாளாக ஒரு ஹிட் இல்லை, அவனை அவுட் ஆக்குவது சுலபம். முதல் பந்து வெளியே. இரண்டாவது வெளியே. மூன்றாவது தப்பித் தவறி நடுவில் வந்தது, லானி விட்டுவிட்டான். நான்காவது வெளியே. மூன்று தப்பு, ஒரு சரி. இன்னும் ஒன்று வெளியே போனால் நடை. நடை என்றால் தொடர் உடையாது.

எனக்குக் கை வியர்த்தது. என் ஏற்பாடு எல்லாம் பாழாகப் போகிறதே என்ற வியர்வை அது. கௌரவமான வியர்வை இல்லை.

ஐந்தாவது பந்து வந்தது. உயரே, தள்ளி, ஒரு கை தூரம் வெளியே. கண் தெரியாதவன்கூட விட்டுவிடுகிற பந்து. லானி இடது காலை எட்டி வைத்து, கொக்குக் கை இரண்டையும் நீட்டி, அதைத் தேடிப்பிடித்து மேலே தூக்கினான். பந்து நடு மைதானத்துக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. நடுவில் நின்றவன் பின்னால் ஓடி, சுவரில் முதுகு படும்போது பிடித்தான். பிடித்ததும் ஹூபர் மூன்றாம் தளத்திலிருந்து கிளம்பி, நடந்தே வரலாம் என்கிற அளவு நேரத்தோடு வீட்டைத் தொட்டான். ஐந்துக்கு நான்கு. நாங்கள் ஜெயித்தோம்.

லானி அவுட். ஆனாலும் வழக்கப்படி முதல் தளம்வரை ஓடி வந்து என் முன்னால் நின்றான். மூச்சு வாங்கியது. என் கை எழவில்லை. அவனே என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பி ஓடினான். எல்லாரும் அவன்மேல் விழுந்து அமுக்கினார்கள்.

சற்று நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. எல்வுட் எழுதிக் கொடுத்ததை ஒருவர் வாசித்தார். இந்த ஆட்டம் ஜூலை ஆறாம் தேதிக் கணக்கு என்றும், அதனால் லானி பிரூஷாவின் தொடர் இருபத்தொன்றோடு முடிந்ததாகவும், லீக் சாதனை ஆர்லோ ஹெக்மனின் முப்பத்தாறாகவே நிற்பதாகவும் அறிவிப்பு. கூட்டத்துக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கடைசிப் பந்தை விட்டிருந்தால் அவன் தொடர் பிழைத்திருக்கும் என்பதும் புரிந்தது. முதலில் ஒருவர் எழுந்தார், பிறகு பத்துப் பேர், பிறகு எல்லாரும். கைதட்டல் நிற்கவே இல்லை. என் பெயரை அறிவித்த பிறகு கிடைத்த கைதட்டல், ஒன்றுகூட எனக்கில்லை.

ஃப்ளாய்ட் பெயின்ட் டப்பாவோடு என்னிடம் வந்தான்.

"இப்ப நான் என்ன பண்ண?"

"வீட்டுக்குப் போ."

"உன் பேரு தப்பிச்சது. சந்தோஷமா?"

"போடான்னு சொன்னேன்ல!"

பட்ஜ் என்னைக் கடந்து போனார். போகிற போக்கில், என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "இவனுக்குச் சூரியன் கண்ணுல அடிக்கலை போலிருக்கு."

பதினான்கு வருடம் அந்த மனிதர் அதை வயிற்றில் வைத்திருந்திருக்கிறார்.

அடுத்த ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. உடை மாற்றும் அறையில் லானி தனியாக உட்கார்ந்து பன்றிக்கறி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். கறித் துண்டு வழக்கம்போல ரொட்டியைவிட இரண்டு மடங்கு பெரிது. நான் ஏன் உள்ளே போனேன் என்று எனக்குத் தெரியாது.

"உக்காருங்க கோச்."

"சட்டம் உனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறேன். அந்த..."

"தெரியும். டகெட் சார் காலையிலேயே வந்து சொன்னாரு. கணுக்கால் வலிக்குதுன்னு சொல்லிடு, மொத ஆட்டத்துல இறங்காதேன்னு."

"அப்புறம் ஏன்டா இறங்கின?"

"நீங்கதானே பேர் சொன்னீங்க." ஒரு கடி கடித்தான். "நீங்க நேத்து அவரு வீட்டுக்குப் போனதையும் சொன்னாரு."

கோபப்படுவான், கத்துவான், நாலு பேரைக் கூப்பிட்டுச் சொல்வான் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், மனது ஆறியிருக்கும். அவன் மென்றுகொண்டிருந்தான்.

"உன் இடத்துல வேற எவனா இருந்தாலும் என் சட்டையைப் பிடிச்சிருப்பான்."

"மொதல்ல கோபம் வந்துச்சு. பொய் சொல்லலை. அப்புறம் யோசிச்சேன், டார்லைவிட நான் நல்லாத்தானே அடிப்பேன்? நீங்க எதுக்குச் சொல்லியிருந்தாலும் சொன்னது சரியான ஆளைத்தான்."

"சரி, இறங்கின. அந்தக் கடைசிப் பந்தை ஏன் தொட்ட? விட்டிருந்தா நடை. தொடர் அப்படியே இருந்திருக்கும். அடுத்த ஆட்டத்துல முப்பத்தேழு அடிச்சிருப்ப. ஒருத்தரும் உன்னை ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க."

அவன் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். கேள்வியே புரியாதவனின் முகம் அது. நானும் விடாமல் பார்த்தேன், ஏதாவது ஒரு பெருமை, ஒரு நடிப்பு அந்த முகத்தில் அகப்படாதா என்று.

"ஹூபர் மூணாம் தளத்துல நின்னுட்டிருந்தான், கோச்," என்றான்.

அவ்வளவுதான் அவன் சொன்னது.

அடுத்த ஆட்டத்தில் அவன் இரண்டு ஹிட் அடித்தான். இரண்டு முறையும் என் காலடியில் வந்து நின்றான், இரண்டு முறையும் தட்டிக்கொடுத்தேன். அந்த சனிக்கிழமையே அவனை மேல் அணிக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். போகிற அன்றைக்கு மார்லிஸ் அவனுக்கு ஒரு முழு ருபார்ப் பையைச் சுட்டுக் கொடுத்தாள், என்னைக் கேட்கவில்லை. செப்டம்பரில் நாங்கள் கோப்பையை வாங்கினோம். ஒரே ஒரு ஆட்ட வித்தியாசம். அது எந்த ஆட்டம் என்று ஊரில் ஆளாளுக்குச் சொன்னார்கள், என் எதிரிலேயே சொன்னார்கள்.

லானி பெரிய லீக்கில் மொத்தம் பதினெட்டு ஆட்டம் ஆடினான். பிறகு தோள்பட்டை போய், இப்போது நெப்ராஸ்காவில் தீவனம் விற்கிறான். அவனைப் பார்த்து நான் பொறாமைப்பட இனி ஒன்றுமில்லை என்று நீங்கள் நினைக்கலாம். அவனிடம் இல்லாத முப்பத்தாறு என்னிடம் இருக்கிறது. எனக்கு வேண்டியிருப்பது அவனுடைய அந்த ஒரு அவுட். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சுவரில் என் பெயர் அப்படியே இருக்கிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஃப்ளாய்ட் வந்து எழுத்தைப் புதுப்பிக்கிறான். வெளியூரிலிருந்து வருகிறவர்களை ஊர்க்காரர்கள் அந்தச் சுவருக்கு எதிரே கூட்டிக்கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமைகூட நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் தன் மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு என் பெயரைக் கைநீட்டிக் காட்டினார்.

"அந்த நம்பரைப் பாத்தியா? முப்பத்தாறு. அதைத்தான் லானி பிரூஷா வேணாம்னு விட்டுட்டான்."

"அந்த ஹெக்மன் யாருப்பா?"

"தெரியலைம்மா," என்றார் அவர்.